இதுல தலை எங்கே?

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் கூழ் ஊற்றி முடித்திருந்தோம். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதற்குப் 'பாரிஜ் பிரேயர்' என்று பெயர். கூட்டம் கலைந்து, கமிட்டி ஆட்கள் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ் வகுப்பு ஆண்டு விழா அழைப்பிதழின் புரூஃப் அன்றைக்குத்தான் வந்திருந்தது. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். தமிழ்ப் பக்கம் என் பொறுப்பு, ஊரிலிருந்து வந்தவன் என்பதால்.

கமிட்டியில் மூத்தவர் ஒரு தாத்தா. எண்பதை நெருங்குகிறார். சின்ன வயதில் சாயங்காலத் தமிழ்ப் பள்ளியில் எழுத்து கற்றவர். வாக்கியம் முழுசாகப் புரியாது, ஆனால் எழுத்துக் கூட்டுவார். அவர் விரல் நுனியில் கூழ் காய்ந்திருந்தது. அந்த விரலை ஆங்கிலப் பக்கத்தில் 'சீஃப் கெஸ்ட்' என்ற இடத்தில் வைத்தார். அப்புறம் அதை மெதுவாக வலது பக்கம் நகர்த்தி, 'சி... ற... ப்... பு' என்று கூட்டினார்.

"தம்பி, சீஃப்னா தலைவர்தானே? இதுல தலை எங்கே?"

"தமிழ்ல சிறப்பு விருந்தினர்னுதான் சொல்லுவோம் தாத்தா."

"யாரு சொல்லுவா?"

ஊரில் எல்லாரும் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. உண்மையில் எனக்கும் படவில்லை. ஆயிரம் அழைப்பிதழில் பார்த்த சொல், யோசிக்காமல் எழுதியிருந்தேன். அன்று ராத்திரி அகராதிகளோடு உட்கார்ந்தவன் இன்னும் முழுசாக எழுந்தபாடில்லை.

தாத்தா கேட்டது சரியான கேள்வி. சீஃப் என்ற சொல்லுக்குள் நிஜமாகவே ஒரு தலை இருக்கிறது. லத்தீனில் 'காபுட்' என்றால் தலை, கழுத்துக்கு மேலே இருக்கிற தலையேதான். அது பிரான்சில் தேய்ந்து தேய்ந்து 'ஷெஃப்' ஆனது. 1300 வாக்கில் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய் 'சீஃப்' ஆனது. ஐநூறு வருடம் கழித்து, 19ஆம் நூற்றாண்டில், அதே பிரெஞ்சுச் சொல் இரண்டாவது முறை இங்கிலாந்தில் இறங்கியது, இந்தத் தடவை கையில் கரண்டியோடு. ஆபீஸ் சீஃபும் ஓட்டல் ஷெஃபும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கேப்டன், கேபிடல், புத்தகத்து சாப்டர் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பங்காளிகள்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கர்சீப். பழைய பிரெஞ்சில் அது 'தலைமூடி'. 'கர்' என்பது மூடுவது, 'சீஃப்' என்பது தலை. அது தலையை விட்டுக் கைக்கு வந்ததும் ஹேண்ட்கர்சீஃப், அதாவது கைத் தலைமூடி. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டு சீட் பிடித்தபோதெல்லாம் நான் போட்டது ஒரு தலையை.

'அச்சீவ்' என்பதும் இங்கே பிறந்ததுதான். 'தலைக்குக் கொண்டுவருதல்' என்ற பிரெஞ்சு வழக்கு, அதாவது ஒரு காரியத்தை நிறைவேற்றுதல். வைணவ உரைகளில் ஒரு வினைச்சொல் வரும், 'தலைக்கட்டுதல்'. அதற்கும் அதே பொருள், நிறைவேற்றி முடித்தல். ஒன்றுக்கொன்று முகம் பார்த்திராத இரண்டு மொழிகள், ஒரு வேலையை முடிப்பதற்குத் தலையைத் தேடிப் போயிருக்கின்றன. இதைப் படித்த அன்று தூக்கம் போய்விட்டது.

தமிழிலும் தலைக்குப் பஞ்சமில்லை. தலைவர், தலைமை, தலைநகர், தலைப்பு, தலைவாசல், தலைச்சன் பிள்ளை, தலைதீபாவளி. ஊர் வரி போட வீடுகளை எண்ணினாலும் தலைக்கட்டு. ஆனால் இந்தச் சொற்களில் ஒன்று மட்டும் வழுக்கி விழுந்திருக்கிறது. தலையாரி. பெயரில் தலை இருக்கிறது. வேலையோ, வருவாய்த்துறையின் கடைசிப் படி. கிராம நிர்வாக அலுவலருக்குப் பின்னால் நோட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பவர். சொல் மேலேயே நின்றுவிட்டது, ஆள் இறங்கிவிட்டார். இந்தத் தலையாரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படுவார்.

சரி, சீஃப் கெஸ்ட்டுக்கு வருவோம். சீஃப் என்ற ஒற்றைச் சொல்லுக்குத் தமிழ் அரசாங்கமும் பத்திரிகைகளும் எத்தனை சொல் வைத்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். சீஃப் ஜஸ்டிஸ் தலைமை நீதிபதி. சீஃப் மினிஸ்டர் முதலமைச்சர். மாவட்டத்தில் சீஃப் எஜுகேஷனல் ஆபீசர் முதன்மைக் கல்வி அலுவலர். சட்டமன்றத்தில் சீஃப் விப் தலைமைக் கொறடா. கோர்ட்டில் சாட்சியை முதலில் விசாரிப்பதை வக்கீல்கள் 'சீஃப்' என்றே சொல்வார்கள், தமிழில் முதல் விசாரணை. சீஃப் ரீசன் முக்கியக் காரணம். இதைத் தலைமைக் காரணம் என்று எழுதினால் இயந்திரம் மொழிபெயர்த்தது என்று பத்து வயதுப் பிள்ளை கூடக் கண்டுபிடித்துவிடும்.

இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுப் பிரித்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் ஒரு ஒழுங்கு தெரிகிறது. கீழே ஆட்கள் இருந்து, ஆணை போடும் இடம் என்றால் பெரும்பாலும் தலைமை. வரிசையில் முன்னால் நிற்பது என்றால் முதல். கனம் அதிகம் என்றால் முக்கியம். சீஃப் கெஸ்ட்டுக்கு இது எதுவும் கிடையாது. அவர் வருவார், சால்வை வாங்குவார், பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார், சாப்பிட்டுவிட்டுப் போவார். மற்ற விருந்தாளிகளுக்கு அவர் உத்தரவு போட முடியாது. அதனால் தமிழ் அவருக்குத் தலையைக் கொடுக்காமல் சிறப்பை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆங்கிலத்தில் சீஃப் என்பது பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால்தான் 'முக்கியமான' என்று பொருள் தரும். 'சீஃப் ரீசன்' என்று சொல்லலாம், 'இந்தக் காரணம்தான் சீஃப்' என்று வாக்கியத்தை முடிக்க முடியாது. நம் தலை வாக்கியத்தின் கடைசியிலும் கம்பீரமாக உட்காரும். செவிச்செல்வத்தைப் பற்றிச் சொல்லும்போது 'அச்செல்வம் செல்வத்து ளெல்லாந் தலை' என்று குறள் முடிகிறதே, அந்த மாதிரி.

சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் கேட்பது வேறு: லீடர், ஹெட், சீஃப், பாஸ், எல்லாமே தலைவரா? பள்ளிக்கு ஹெட், போலீசுக்கு சீஃப், கட்சிக்கு லீடர் என்று உதாரணம் சொல்லிச் சமாளிப்பேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. லீடர் என்றால் பின்னால் நடக்க ஆள் வேண்டும். சீஃப் என்றால் நியமன உத்தரவு இருந்தால் போதும். பாஸ் என்ற சொல்லை இந்த நாட்டில் கொஞ்சம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். டச்சு மொழியின் 'பாஸ்', அதாவது எஜமான், அமெரிக்கா வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதே சொல் இங்கே, டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் தங்கி, கறுப்புத் தொழிலாளி வெள்ளைக்காரரைக் கூப்பிட்டாக வேண்டிய சொல்லாக நின்றது. நிறவெறி ஆட்சியாளர்கள் தங்கள் கொள்கைக்கே 'பாஸ்காப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எஜமானத்தனம்.

சீஃபும் இங்கே சுத்தமான சொல் இல்லை. ஜுலு மொழியில் தலைவருக்கு 'இன்கோசி', பன்மையில் 'அமாகோசி'. இன்கோசி என்றால் குறுநிலத் தலைவர், அரசர், கடவுள் என்று மூன்று பக்கமும் போகும். இந்த நாட்டு தேசிய கீதத்தின் முதல் சொல் 'ன்கோசி'. அங்கே அது 'இறைவா' என்ற விளி. நமக்கு இது புதிது இல்லை. கோ என்றால் அரசன், கோயில் என்றால் அவன் வீடும் சாமி வீடும். இறை என்றால் அரசன், கடவுள், வரி எல்லாமே. இப்படிப்பட்ட சொல்லை வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் பதிவேட்டில் 'சீஃப்' என்று எழுதினார்கள். அரசர்களையும் அரசர் என்று எழுத மனம் வராமல் 'பாரமவுண்ட் சீஃப்' ஆக்கினார்கள். 'கிங்' என்ற சொல் லண்டனுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். தலையாரியை நினைவிருக்கிறதா? அவர் விஷயத்தில் ஆள் இறங்க, சொல் தங்கியது. இங்கே ஆளை இறக்குவதற்கென்றே சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1927இல் இது உச்சிக்குப் போனது. அந்த ஆண்டு வந்த நேட்டிவ் அட்மினிஸ்ட்ரேஷன் ஆக்ட்டின் முதல் பிரிவு, டர்பன் இருக்கிற நேட்டால் முதலிய மாகாணங்களில் உள்ள கறுப்பு மக்கள் எல்லாருக்கும் கவர்னர் ஜெனரலே 'சுப்ரீம் சீஃப்' என்று சொன்னது. பிரிட்டிஷ் முடி அனுப்பிய ஒரு பிரபு, ஒரு சட்ட வரியில் லட்சக்கணக்கானவர்களுக்குக் குலத்தலைவர் ஆகிவிட்டார்! மற்ற சீஃப்களை நியமிக்கவும் நீக்கவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் வந்தது.

அந்த அதிகாரம் யார் மேல் பாய்ந்தது என்று பார்க்க டர்பனிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் போதும். இரண்டு பக்கமும் கரும்பு. குவாடுகூசாவுக்குக் கொஞ்சம் முன்னால் குரூட்வில். அங்கே ஆல்பர்ட் லுத்துலியின் வீடு இப்போது அருங்காட்சியகம். போன வருடம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். பெரிய மாளிகை என்று எதிர்பார்த்து வந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றம். வாத்தியார் வீடு மாதிரிதான் இருந்தது. அவர் வாத்தியாராக இருந்தவர்தானே. அந்த ஊரில் தலைவர் பதவி பரம்பரையாக வருவதில்லை, ஊர் கூடித் தேர்ந்தெடுப்பது. ஊரார் கூப்பிட்டதால் கற்பித்தலை விட்டுவிட்டு 1936இல் சீஃப் ஆனார்.

1952இல் அநியாயச் சட்டங்களை மீறும் இயக்கம் நடந்தபோது அரசாங்கம் அவரிடம் சொன்னது: ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசா, சீஃப் பதவியா, ஒன்றை விடு. அவர் இரண்டையும் விட மறுத்தார். நவம்பரில் பதவியைப் பறித்தார்கள். டிசம்பரில் காங்கிரஸ் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அரசாங்கப் பதிவேட்டில் அவர் இனி சீஃப் இல்லை. ஊர், கட்சி, பத்திரிகை, வெளிநாடு எல்லாம் அவரை 'சீஃப் லுத்துலி' என்றே சொல்லிக்கொண்டிருந்தன. 1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசை 1961 டிசம்பரில் ஆஸ்லோவுக்குப் போய் வாங்கியபோது, ஜுலு மரபு உடையில், தலையணியோடு நின்றார். உத்தரவு இருந்தால் சீஃப், பின்னால் ஆள் இருந்தால் லீடர் என்ற என் கணக்கு இந்த மனிதரிடம் செல்லுபடியாகவில்லை. பிள்ளைகளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன், நோட்டில் எழுதியதை அடித்துவிடுங்கள் என்று.

இப்போது டர்பனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் கடற்கரைப் பக்கத்து மாநாட்டு மையத்துக்கும் அவர் பெயர். இரண்டிலும் 'சீஃப்' இல்லை, 'இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி'. 1996 அரசியல் சட்டத்திலும் சீஃப் என்று தலைப்புப் போடாமல் 'மரபுத் தலைவர்கள்' என்று ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறார்கள். (அதே சட்டத்தின் ஆறாவது பிரிவில், மதித்துப் பேணவேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழும் இருக்கிறது. எங்கள் வகுப்புச் சுவரில் அந்த வரியை ஒட்டி வைத்திருக்கிறோம்.)

இவ்வளவு பாரம் சுமந்த சொல், தெருவில் என்னவோ காற்று மாதிரி பறக்கிறது. சூப்பர் மார்க்கெட் வாசலில் காரைப் பார்த்துக்கொள்ளும் பையன் என்னிடம் 'ஷார்ப், சீஃப்' என்று கட்டை விரலைத் தூக்குவான். நான் எதற்கும் சீஃப் இல்லை, வீட்டில் கூட. அவன் சொல்வதும் தலைவரே என்று இல்லை. நம் பையன்கள் 'என்ன தல, சாப்டாச்சா' என்கிறார்களே, அச்சு அசல் அதுதான். சீஃபுக்கு இதுவரை நான் கண்ட மொழிபெயர்ப்புகளில் சுத்தமானது அந்தத் 'தல'. தன்னைத் தல என்று கூப்பிட வேண்டாம் என்று நடிகர் அஜித்குமார் 2021இல் அறிக்கை விட்டுக் கேட்டுக்கொண்டார். ரசிகர்கள் விட்டார்களா என்ன.

கைசர் சீஃப்ஸ் கால்பந்து அணியையும் சொல்லாமல் விட்டால் என் வகுப்பில் பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா சீஃப்ஸ் அணிக்கு ஆடிவிட்டுத் திரும்பிய கைசர் மோட்டாங் 1970இல் தொடங்கிய அணி. சின்னத்தில் இறகு சூடிய அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஒருவரின் தலை. ரசிகர்களுக்கோ அணியின் பெயர் 'அமாகோசி'. ஜுலுச் சொல் ஆங்கிலத்துக்குப் போய், அமெரிக்கா சுற்றி, திரும்ப ஜுலுவுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

அமெரிக்கப் பழங்குடி என்றதும் ஒரு பழமொழி நினைவுக்கு வருகிறது. ஆளாளுக்கு நாட்டாமை செய்து வேலை நடக்காத இடத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் 'சீஃப்கள் ஏராளம், இந்தியர்கள்தான் போதவில்லை' என்பார்கள். அங்கே இந்தியர் என்றால் செவ்விந்தியர். எங்கள் கமிட்டிக் கூட்டத்தில் மாதம் ஒரு முறையாவது யாராவது இதைச் சொல்வார்கள், அறை முழுக்க இந்தியர்களாக உட்கார்ந்திருக்கும்போது. எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குகிறவர் யார் என்று நான் தமிழில் ஒரு தடவை எடுத்து விட்டேன். பல்லக்கு என்றால் என்ன என்று விளக்குவதற்குள் கூட்டமே முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறும் ஆடிதான், இன்னொரு குடும்பத்துக் கூழ். தாத்தாவிடம் என் ஆராய்ச்சியைச் சொன்னேன். காபுட், ஷெஃப், கர்சீப் எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எங்க தாத்தா கரும்புத் தோட்டத்துல இருந்தப்ப சீஃப் கிடையாது. சிர்தார்தான்" என்றார். கூலிக் கும்பலை மேய்க்கும் மேஸ்திரிக்கு நேட்டால் தோட்டங்களில் அந்தப் பெயர். இலங்கையிலும் மலாயாவிலும் கங்காணி, பர்மாவில் மேஸ்திரி, இங்கே சிர்தார். பாரசீகத்தில் 'சர்' என்றால் தலை, 'தார்' என்றால் வைத்திருப்பவர். அங்கேயும் தலை! இதைச் சொன்னதும் தாத்தா முகம் சுளித்தார். "தலையா? கையில சாட்டை வச்சிருப்பான்னு எங்க ஆயா சொல்லும்." நல்லவேளையாகத் தலைமைக் கொறடா பற்றி நான் அவரிடம் பேசவில்லை. கொறடாவும் சாட்டைதான்.

பேச்சை மாற்ற அழைப்பிதழைப் பிரித்தேன். சிறப்பு விருந்தினர் அப்படியே இருந்தார், தாத்தாவும் விட்டுவிட்டார். கீழே கமிட்டிப் பெயர்கள். அதைத் தமிழில் ஏற்றும்போதுதான் எனக்கே உறைத்தது. மூட்லி, நாயக்கர், நாயுடு, படையாச்சி, கவுண்டன். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம். அந்தப் பட்டங்கள் பேரன்களுக்கு சர்நேம் ஆகிவிட்டன. ஊரில் அவை வெறும் சர்நேம் இல்லை, அது வேறு கதை. ஆனால் சொல்லாக மட்டும் பார்த்தால்? முதலி, முன்னால் நிற்பவர். நாயக்கரும் நாயுடுவும் நாயகரிலிருந்து வந்தவை, தலைவர். படையாச்சி, படையை ஆள்பவர். கவுண்டன், ஊர்த் தலைவர். 1956 தேசத்துரோக வழக்கில் கைதான 156 பேரில் சீஃப் லுத்துலியும் நேட்டால் இந்தியக் காங்கிரசின் டாக்டர் மான்ட்டி நாயக்கரும் உண்டு. இரண்டு பெயரும் ஒரே சொல்லின் மொழிபெயர்ப்பு என்று போலீசுக்குத் தெரிந்திருக்காது.

"தாத்தா, நீங்க தலை எங்கேன்னு கேட்டீங்களே. இந்த லிஸ்ட்ல இருக்கிற எல்லாருமே சீஃப்தான்" என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். நாற்காலிகளில் சாய்ந்திருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து தன் தலையைத் தொட்டுச் சலாம் வைத்தார்.

தாத்தா கொட்டகை ஓரத்தைப் பார்த்தார். அடிப்பிடித்த கூழோடு நான்கு அண்டாக்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"அப்போ இத யாரு கழுவுறது?" என்று கேட்டுக்கொண்டே பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டினார். நான் ஓஸ் பைப்பை எடுத்து வரப் போனேன்.